மெக்ஸிகோ டிசம்பர்: போன்ச்சே பானை, ரோஸ்கா பொம்மை, பிப்ரவரி 2 தமால் கடன்

கேள்வி கேட்டவர் வேலை விஷயமா நவம்பர் கடைசில மெக்ஸிகோ சிட்டிக்கு குடி போறாராம். டிசம்பர் முழுக்க அங்க பண்டிகைன்னு கேள்விப்பட்டிருக்கார், என்ன ஸ்வீட் செய்வாங்க, என்ன குடிப்பாங்க, சைவம் தேறுமா, சென்னைல இருக்கிற அவங்க அக்காவும் வீட்ல செஞ்சு பாக்கலாமான்னு கேட்டிருக்கார். நான் அங்க ஆறு டிசம்பர் இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கங்க. மெக்ஸிகோன்னா நம்மாளுங்களுக்கு கள்ளிச்செடி, வெயில், பெரிய தொப்பி, அவ்ளோதான். மெக்ஸிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, அதாவது அப்படியே நம்ம ஊட்டி. டிசம்பர் ராத்திரி நல்லாவே குளிரும், வீடுகள்ல ஹீட்டர் எல்லாம் பெரும்பாலும் கிடையாது, தரை டைல்ஸ் ஐஸ் மாதிரி இருக்கும். அதனாலதான் அந்த சீசன்ல குடிக்கிற ஐட்டம் எல்லாமே சுடச்சுட, இனிப்பா, கெட்டியா இருக்கும்.

ரெண்டாவது விஷயம் எனக்கு புரியவே ஒரு வருஷம் ஆச்சு. அந்த சீசன்ல வர்ற எதையுமே ஒரு ஆளுக்குன்னு செய்ய மாட்டாங்க, செய்யவும் முடியாது. நான் போன முதல் டிசம்பர்ல யூட்யூப் பாத்து ஒரு டம்ளர் போன்ச்சே (பழமெல்லாம் போட்டு கொதிக்க வெச்சு சூடா குடிக்கிறது) போட்டேன், ரெண்டு கொய்யா, ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் வெல்லம். கொய்யா ரசம் மாதிரி இருந்துச்சு. மறுநாள் கீழ் வீட்டு அம்மாகிட்ட (அங்க பக்கத்து வீட்டு அம்மாவை வெசீனான்னு கூப்பிடுவாங்க, அவங்க நம்மளை மிஹோன்னு கூப்பிடுவாங்க, நம்ம ஊர்ல தம்பி, ராசான்னு கூப்பிடற மாதிரிதான்) இதை சொன்னேன், அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. "ஒரு டம்ளரா, மிஹோ?"ன்னு கேட்டுட்டு மாடிப்படிக்கு அடியில கவுத்து வெச்சிருந்த ஒரு அலுமினியப் பானையை காட்டினாங்க, நம்ம கல்யாண வீட்டு சாம்பார் அண்டா அளவுக்கு இருந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் பழம் உரிக்க நானும் உக்காந்தேன்.

சரி, போன்ச்சேக்கு வர்றேன், இதைத்தான் நான் கொஞ்சம் பொறுமையா சொல்லணும். டிசம்பர் 16லேர்ந்து 24 வரைக்கும் ஒன்பது ராத்திரி போசாதான்னு ஒண்ணு நடக்கும். மேரியும் ஜோசப்பும் தங்க இடம் கேட்டு வீடு வீடா அலைஞ்சதை நடிச்சுக் காட்டுறது, பாதி பேர் மெழுகுவர்த்தியோட வாசல்ல நின்னு பாட்டுலயே இடம் கேப்பாங்க, உள்ள இருக்கிற பாதி பேர் பாட்டுலயே இல்லை போன்னு சொல்வாங்க, கடைசில கதவைத் திறந்து உள்ள விட்டதும் பின்யாத்தா (உள்ள மிட்டாய் அடைச்சு தொங்க விட்ட பொம்மை) உடைக்கிறது, சாப்பாடு, போன்ச்சே. இதோட ஆரம்பம் தியோத்திவாகான் பிரமிடு பக்கத்துல இருக்கிற அகோல்மன் ஊரு மடம்தான், அங்க இருந்த அகஸ்டீனியன் சாமியாருங்க 1587ல போப்புகிட்ட அனுமதி வாங்கி ஒன்பது நாள் பூஜையா ஆரம்பிச்சாங்க. அஸ்டெக் ஜனங்களுக்கும் அதே மாசத்துல அவங்க சாமி திருவிழா இருந்துச்சு, அதனால ஜனங்க சுலபமா ஒட்டிக்கிட்டாங்க.

அண்டால ஒரு எட்டு லிட்டர் தண்ணி வெச்சு முதல்ல பட்டை, பிலோன்சீயோ. பிலோன்சீயோ வேற ஒண்ணுமில்லை, கரும்புச்சாறு காய்ச்சி கூம்பு அச்சுல ஊத்தினது, நம்ம அச்சு வெல்லம்தான், ஆனா கல்லு மாதிரி கெட்டி, கத்தியெல்லாம் இறங்காது, அப்படியே முழுசா தூக்கிப் போட்டுடுவாங்க. அடுத்தது தெஹோகோத்தே. இது இல்லாம போன்ச்சேன்னு சொன்னா அந்த ஊர்ல சண்டைக்கே வந்துருவாங்க. பெரிய நெல்லிக்கா சைஸ்ல ஆரஞ்சு மஞ்சள் கலர்ல இருக்கும், பச்சையா கடிச்சா மாவு மாதிரி, துவர்ப்பு, ஏமாந்துட்டோமேன்னு தோணும். தனியா கொதிக்க வெச்சு தோலை உரிக்கணும், ரெண்டு பக்கமும் காம்பு கிள்ளணும், உள்ள மூணு நாலு கொட்டை கல்லு மாதிரி இருக்கும், அதை எடுக்கிறதும் எடுக்காம விடறதும் வீட்டுக்கு வீடு வேற (கீழ் வீட்டு அம்மா எடுக்க மாட்டாங்க, "பல்லு இருக்கிறவன் ஜாக்கிரதையா சாப்பிடட்டும்"னு விட்டுடுவாங்க). அதுல பெக்டின் (ஜாமை கெட்டியாக்குற சமாச்சாரம்) நிறைய, அதனாலதான் போன்ச்சே லேசா கொழகொழன்னு உதட்டுல ஒட்டும், வேற எந்தப் பழம் போட்டாலும் அந்த பதம் வராது. அமெரிக்கால 2015 வரைக்கும் இந்தப் பழத்தை இறக்குமதி பண்ண தடை இருந்துச்சு, அங்க இருக்கிற மெக்ஸிகோ ஜனங்க டிசம்பர் வந்தா திருட்டுத்தனமா வாங்குவாங்களாம், ஒரு பழத்துக்கு இப்படி ஒரு கிராக்கி பாருங்க.

அப்புறம் விரல் நீளத்துக்கு நறுக்கின கரும்பு, தோல் உரிச்ச புளியம்பழம் பத்து, ஒரு கைப்பிடி ஹமைக்கா, கொட்டை எடுத்த ப்ரூன்ஸ், திராட்சை. ஹமைக்கான்னா புளிச்சக்கீரைச் செடில காய மூடி இருக்குமே சிவப்பு மடல், அதைக் காய வெச்சது. இது போட்டவுடனே அண்டா ரத்தச் சிவப்பா மாறும், நிறைய போட்டா புளிப்பு தூக்கிடும். கொய்யாவும் ஆப்பிளும் கடைசில, அதாவது அடுப்பு அணைக்கிறதுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடி, இல்லைன்னா கொய்யா கரைஞ்சு விதை மட்டும் மிதக்கும், அது என் முதல் டம்ளர்ல நடந்த கதை. மண் குவளைல பழத்தோட சேத்து ஊத்திக் குடுப்பாங்க, கரும்பை கரண்டிக்கு பதிலா வெச்சு கிளறி அதையே கடைசில கடிச்சு உறிஞ்சலாம். பெரியவங்க "கோன் பிகேத்தே"ன்னு கேப்பாங்க, பிகேத்தேன்னா பூச்சி கொட்டுறது, அதாவது டம்ளர்ல கொஞ்சம் ரம்மோ டெக்கீலாவோ. அண்டால ஊத்த மாட்டாங்க, குழந்தைங்களும் குடிக்கிறதால தனித்தனி டம்ளர்லதான் கொட்டும்.

அந்த அண்டாவை எட்டிப் பாத்தப்ப எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. கொய்யாவும் தெஹோகோத்தேவும் அவங்க மண்ணு. கரும்பும் புளியும் பட்டையும் நம்ம பக்கத்துலேர்ந்து போனது. 1565லேர்ந்து 1815 வரைக்கும் மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் நடுவுல ஸ்பெயின்காரன் கப்பல் போய்ட்டு வந்துட்டு இருந்தான், ஆசியா சாமான் நிறைய அந்த வழிதான் போச்சு. சாமான் மட்டும் இல்லை, ஆளுங்களும். 17ம் நூற்றாண்டுல இந்தியால கடத்தப்பட்ட ஒரு சின்னப் பொண்ணு கொச்சி, மணிலான்னு கைமாறி அந்தக் கப்பல்ல அடிமையா போய் பூயெப்லா ஊர்ல கத்தரீனா தே சான் ஹுவான்ங்கிற பேர்ல வாழ்ந்து 1688ல செத்துப் போச்சு, ஊரே அந்தம்மாவை ஒரு புனிதவதி மாதிரி கொண்டாடிச்சு. புளிக்கு ஸ்பானிஷ்ல தமாரிந்தோ, அரபில இந்தியப் பேரீச்சைன்னு அர்த்தம் வர்ற வார்த்தைலேர்ந்து வந்தது, ஆனா மெக்ஸிகோகாரன்கிட்ட இது எங்க ஊரு புளின்னு சொன்னா நம்ப மாட்டான், நம்ம மிளகாயை அவங்க ஊர்துன்னு சொன்னா நம்ம பாட்டி எப்படி முறைக்குமோ அப்படி முறைப்பான். பட்டை விஷயம் இன்னிக்கும் தொடருது. மெக்ஸிகோல கனேலான்னா அது இலங்கைக் கறுவாதான், கையால நொறுக்கினா நொறுங்குற மெல்லிசு பட்டை, பிரியாணிக்கு போடற தடிமன் பட்டை அங்க யாருக்கும் பிடிக்காது. இலங்கைலேர்ந்து கறுவா அதிகமா வாங்குற நாடுகள்ல மெக்ஸிகோ முதல் வரிசைல இருக்கு.

அக்கா சென்னைல செய்யணும்னா தெஹோகோத்தே கிடைக்காது, அதுக்கு சரியான மாத்து நம்மகிட்ட இல்லை, ஆப்பிளையும் கொய்யாவையும் கூட்டிக்கலாம், கொஞ்சம் மெல்லிசா இருக்கும், பரவாயில்லை. மத்ததெல்லாம் கோயம்பேட்டுலயே முடிஞ்சுடும், ஹமைக்கா மட்டும் காய்ஞ்ச ரோசெல்னு கேட்டு வாங்கணும். பொங்கலுக்கு முன்னாடி கரும்பு வர்ற சமயம் பாத்து செஞ்சா ரொம்ப நல்லது.

அடுத்தது சம்புர்ராதோ. ஆத்தோலேன்னு அங்க காலங்காலமா ஒரு கஞ்சி இருக்கு, மக்காச்சோள மாவை தண்ணில கரைச்சு காய்ச்சி இனிப்பு போட்டது, நம்ம கூழோட சொந்தக்காரன். அதுல சாக்லேட் சேந்தா சம்புர்ராதோ. காலைல ஆறு மணிக்கு மெட்ரோ வாசல்ல ஒரு பெரிய ஸ்டீல் பானைலயும் பக்கத்துலயே தமால் (சோளமாவுக் கொழுக்கட்டை மாதிரி) வேகுற இட்லிப்பானை மாதிரி ஒண்ணுலயும் புகை வரும், ஆபீஸ் போறவன் எல்லாம் நின்னுக்கிட்டே குடிச்சுட்டு ஓடுவான். இதுல ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும், நம்ம கடைல கார்ன்ஃப்ளார்னு விக்கிறது வெறும் ஸ்டார்ச், அது ஆகாது. சும்மா அரைச்ச மக்காச்சோள மாவும் ஆகாது. அவங்க மக்காச்சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டு, தோலைக் கசக்கிக் கழுவி, அப்புறம்தான் அரைப்பாங்க, அந்தச் சோளத்துக்கு பேரு நிஷ்தமால். சாப்பாட்டுக்கு ஆகுற சுத்தமான சுண்ணாம்பு, கிலோ சோளத்துக்கு பத்து கிராம் போதும். சுண்ணாம்பு பட்டாதான் சோளத்துல இருக்கிற நியாசின்ங்கிற விட்டமின் உடம்புல சேரும். ஐரோப்பாக்காரன் சோளத்தை மட்டும் தூக்கிட்டு போய் இந்த வேலையை விட்டுட்டான், சோளத்தையே நம்பி இருந்த ஏழை ஜனங்களுக்கு அந்த விட்டமின் குறைஞ்சு பெல்லாக்ராங்கிற நோய் வந்து தோல் உரிஞ்சு, புத்தி பேதலிச்சு செத்தாங்க. வாசனையும் வேற, மழை பெஞ்ச மண் சுவர் மாதிரி ஒரு வாசனை, அது இல்லாட்டி சம்புர்ராதோ இல்லை. இப்படி சுண்ணாம்பு பட்ட சோளமாவே மாசா ஹரினான்னு பாக்கெட்ல ஆன்லைன்ல வருது, அதையே வாங்கிக்கலாம்.

அரை கப் மாவை பச்சைத் தண்ணில கட்டி இல்லாம கரைச்சுக்கணும், ஒரு லிட்டர் பால்ல பட்டை போட்டு சூடாக்கி ஒரு வில்லை மெக்ஸிகன் சாக்லேட் (சர்க்கரையும் பட்டையும் சேத்து நறநறன்னு வட்டமா இருக்கும், கிடைக்கலைன்னா டார்க் சாக்லேட்) போட்டு, மாவை ஊத்தி விடாம கிண்டணும். வெல்லம் போடறதா இருந்தா பாயசத்துக்கு பண்ற மாதிரி தனியா பாகு வெச்சு அடுப்பை அணைச்சப்புறம் ஊத்துங்க, பால் திரிஞ்சுட்டா கதை முடிஞ்சுது. அங்க பல பேர் பாலே இல்லாம தண்ணிலயே செய்வாங்க, அது இன்னும் நல்லாருக்கும்னு நான் சொல்வேன். கடைசில மோலினீயோ. ஒரே கட்டைல கடைஞ்சு எடுத்த குச்சி, தலை உருண்டையா பள்ளம் பள்ளமா இருக்கும், நடுவுல கழண்டு வராத மர வளையம் ரெண்டு மூணு தொங்கும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டினா நுரை பொங்கும். அதை கடைல பாத்தவுடனே எங்க வீட்டு மோர் மத்து ஞாபகம் வந்துச்சு, வாங்கிட்டேன், கீழ் வீட்டு அம்மாவுக்கு முன்னாடி உருட்டிக் காட்டினேன், "உனக்கு யார் கத்துக் குடுத்தா?"ன்னாங்க. எங்க பாட்டி, மோர் கடையன்னு சொன்னேன், சாக்லேட் இல்லாம எதுக்கு ஒருத்தி இதை உருட்டணும்னு அவங்களுக்கு கடைசி வரைக்கும் விளங்கலை.

பூன்யுவேலோங்கிற பொரிச்ச இனிப்பு பத்தி சொல்லாம விட முடியாது. ரெண்டு வகை. ஒண்ணு காத்து பூன்யுவேலோ, இரும்பு அச்சை எண்ணெய்ல சூடு பண்ணி மாவுல முக்கி மறுபடி எண்ணெய்ல விடறது, பூ மாதிரி கழண்டு விழும். ஆமா, அச்சு முறுக்கேதான், அதே அச்சு, அதே உதறல், என்ன, தேங்காப்பாலும் எள்ளும் இல்லை, மேல சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவுவாங்க. இன்னொண்ணு முட்டி பூன்யுவேலோ. பேரு உண்மைலேயே முட்டிதான், மைதா உருண்டையை கொஞ்சம் தேய்ச்சுட்டு, முழங்கால்ல ஒரு சுத்தமான துணியைக் கட்டிக்கிட்டு அதும்மேல போட்டு ஓரத்தை சுத்திச் சுத்தி இழுப்பாங்க, தட்டு அகலத்துக்கு, கீழ இருக்கிற துணியோட பூ டிசைன் மாவு வழியா தெரியற அளவுக்கு மெல்லிசாகும். பொரிச்சு எடுத்தா அப்பளம் மாதிரி நிக்கும், மேல பிலோன்சீயோ பாகு. ஓஹாக்கா ஊர்ல டிசம்பர்ல கதீட்ரல் பக்கம் இதை கொஞ்சம் உடைஞ்ச, கோணலான மண்தட்டுல குடுப்பாங்க, சாப்பிட்டு முடிச்சவுடனே தட்டை தரைல அடிச்சு உடைக்கணும், வருஷத்தோட பழசு எல்லாம் அதோட போச்சுன்னு கணக்கு. நான் போனப்ப தட்டை மெதுவா கீழ வெச்சேன், நம்ம வளர்ப்பு அப்படி, பின்னாடி நின்ன ஒரு பாட்டி அதை எடுத்து என் கைல திணிச்சு போடுடான்னு சைகை காட்டிச்சு. அதே ஊர்ல டிசம்பர் 23 ராத்திரி பெரிய பெரிய முள்ளங்கிய செதுக்கி பொம்மை செய்யற போட்டி 1897லேர்ந்து நடக்குது, முடிஞ்சா போய்ப் பாருங்க.

ரொம்போப்பே சுருக்கமா சொல்லிடறேன், முட்டை மஞ்சக்கரு, பால், வெனிலா, கூட சாராயம், பூயெப்லால சாந்தா கிளாரா மடத்து கன்னியாஸ்திரீங்க கண்டுபிடிச்சதுன்னு சொல்வாங்க. எனக்கு கஸ்டர்ட்ல ரம் ஊத்தின மாதிரி இருந்துச்சு, ஒரு தடவைக்கு மேல ஆகலை. போல்வோரோன் பிஸ்கட்டு நம்ம நான்கட்டாயோட தம்பி, பேப்பர்ல சுத்தி இருக்கும். புது வருஷம் பொறக்கிற பன்னெண்டு மணிக்கு பன்னெண்டு திராட்சை, ஒவ்வொரு மணியடிக்கும் ஒண்ணு, வாய் நிறைஞ்சு மூச்சு முட்டும்.

சைவம் கேட்டீங்கல்ல. போன்ச்சே, ஆத்தோலே, சம்புர்ராதோ பயமில்லாம குடிக்கலாம். தமால் ஜாக்கிரதை. சோளமாவைப் பிசைஞ்சு சோளத் தோகைல சுத்தி ஆவில வேக வைக்கிறது, பாக்க நம்ம இலைக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், ஆனா மாவு பொங்கி மெத்துன்னு வர்றதுக்கு மந்தேக்கா, அதாவது பன்னிக் கொழுப்பு போட்டு அடிப்பாங்க. ரோஸ் கலர்ல திராட்சை போட்ட இனிப்பு தமால்ல கூட அது இருக்கும். "ஸின் மந்தேக்கா?"ன்னு கேளுங்க, எண்ணெய்ல செய்யறவங்களும் இப்ப உண்டு. "கறி இல்லாததா?"ன்னு மட்டும் கேட்டா ஆமா, கறி இல்லைன்னுதான் சொல்வாங்க, பொய் சொல்லலை, அவங்க கணக்குல கொழுப்பு கறி இல்லை. பூன்யுவேலோ மாவுலயும் சில பேர் போடுவாங்க, பொரிக்கிறதுக்கும் கேட்டுக்கங்க.

செலவு விஷயமும் சொல்லிடறேன். அகினால்தோன்னு ஒரு வார்த்தை ரெண்டு அர்த்தத்துல வரும். போசாதா முடிஞ்சு குழந்தைங்களுக்கு குடுக்கிற மிட்டாய் பையும் அகினால்தோ, கம்பெனி டிசம்பர் 20க்குள்ள குடுத்தே ஆகவேண்டிய போனஸும் அகினால்தோ, சட்டப்படி குறைஞ்சது பதினஞ்சு நாள் சம்பளம். டிசம்பர் 12 குவாதலூபே மாதா திருநாள்லேர்ந்து ஜனவரி 6 ரெய்யேஸ் வரைக்கும் தின்னு குடிக்கிறதை குவாதலூபே ரெய்யேஸ் மாரத்தான்னு கிண்டலா சொல்வாங்க, அந்த போனஸ் அதுல கரைஞ்சுடும், அதுக்கப்புறம் வர்ற காசில்லாத மாசத்துக்கு ஜனவரி மேடுன்னு பேரு, ஏறவே முடியாதாம்.

அந்த ஜனவரி 6ல நீங்க கண்டிப்பா மாட்டுவீங்க, அதனால கேளுங்க. குழந்தை ஏசுவைப் பாக்க வந்த மூணு ராஜாக்கள் நாளு, ரோஸ்கா தே ரெய்யேஸ்னு முட்டை வடிவத்துல வளையமா ஒரு பெரிய இனிப்பு பன், ஆரஞ்சுத் தோல் வாசம், மேல சர்க்கரை மாவுப் பட்டை, கலர் கலரா பழத் துண்டு. முன்னாடி அதுல பிஸ்னாகாங்கிற கள்ளியோட சதையை சர்க்கரைப் பாகுல ஊற வெச்சுப் போடுவாங்க, அது ரொம்ப மெதுவா வளர்ற செடி, பல பத்து வருஷம் ஆகும், பாதுகாக்கப்பட்ட இனம்னு இப்ப வெட்டக் கூடாது, அதனால கெட்டியான பழ ஜாமை பட்டையா வெட்டி வைக்கிறாங்க. என் முதல் ஜனவரில ஆபீஸ்ல மூணு ரோஸ்கா வந்துச்சு, அவங்கவங்க துண்டை அவங்கவங்களே வெட்டணும்னு சட்டம், நான் வெட்டினேன், கடிச்சேன், பல்லுல ஏதோ பட்டுச்சு. எடுத்துப் பாத்தா விரல் நகம் ரெண்டு அளவுக்கு வெள்ளை பிளாஸ்டிக். பேக்கரில தெரியாம விழுந்திருக்கும், சொன்னா வாங்கிட்டு வந்தவங்க மனசு கஷ்டப்படும்னு பெருந்தன்மையா டிஷ்யூல சுத்தி குப்பைத் தொட்டில போட்டுட்டு மிச்சத்தை சாப்பிட்டேன். எதிர்ல உக்காந்திருந்த எங்க டீம் லீட் அம்மா இதையெல்லாம் பாத்துட்டே இருந்திருக்காங்க. எழுந்து வந்தாங்க, தொட்டில கை விட்டு எடுத்தாங்க, கழுவினாங்க, என் கீபோர்டு மேல நிக்க வெச்சாங்க. குழந்தை ஏசு பொம்மை. கொல்லத் தேடின ஏரோது ராஜாகிட்டேர்ந்து குழந்தையை ஒளிச்சு வெச்சதுக்கு அடையாளமாம், யார் துண்டுல வருதோ அவங்க பிப்ரவரி 2 கந்தெலாரியா பண்டிகை அன்னிக்கு எல்லாருக்கும் தமால் வாங்கித் தரணும். பொம்மை வந்தா சத்தமில்லாம முழுங்கிடறவங்களே இருக்காங்களாம், ஆனா குப்பைல போட்டவன் நீ ஒருத்தன்தான்னு ஆறு வருஷமும் சொல்லிக் காட்டினாங்க.

அறுபது தமால் வேணும். நான் என்ன பண்ணினேன், பிப்ரவரி 2 காலைல ஆறே காலுக்கு தெருமுனைல வழக்கமா வாங்குற அம்மாகிட்ட போய் அறுபது குடுங்கன்னேன். அவங்க என்னையும் எனக்குப் பின்னாடி நின்ன க்யூவையும் மாறி மாறி பாத்துட்டு ஒரு நோட்டைத் திறந்து காட்டினாங்க, பக்கம் பூரா பேரும் நம்பரும், எல்லாம் ஜனவரிலயே சொல்லி வெச்ச ஆர்டர். ஆளுக்கு பத்துக்கு மேல இல்லைன்னாங்க. அப்புறம் மூணு மெட்ரோ ஸ்டேஷன் இறங்கி ஏறி, இங்க பத்து அங்க பதினாலுன்னு பொறுக்கி, ஒன்பதரைக்கு ஆபீஸ் போனப்ப கணக்கு நாப்பத்தேழு. அதனால ரோஸ்கால பொம்மை வந்துச்சுன்னா ஜனவரி இருபதுக்குள்ள ஆர்டர் சொல்லிடுங்க, மந்தேக்கா இல்லாததை தனிப் பைல கட்டச் சொல்லுங்க, இல்லைன்னா எது யாருதுன்னு தோகையைப் பிரிச்சுப் பாத்தாலும் தெரியாது.